உள்ளே மடித்துத் தைத்த துணி

மாத்தளை டவுனில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். கல்யாண உடுப்பு என்றால் என் கடைதான். மாப்பிள்ளை சிங்களவரா, முஸ்லிமா, நம்ம ஆளா என்று என் கத்தரி பேதம் பார்ப்பதில்லை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கொழும்பில் இதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, தோள் எப்படி இப்படி உட்காருகிறது என்று கேட்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்கு யாரும் ஊட்டிவிட்டதில்லை.

போன கிழமை ஒரு பத்திரிகைக்காரப் பிள்ளை கடைக்கு வந்தது. போனை என் வாய்க்கு நேரே நீட்டி, "ஐயாவுக்குப் பிடிச்ச பாட்டு, பிடிச்ச படம், பிடிச்ச உடுப்பு, மூணும் சொல்லுங்க" என்றது. பாட்டும் படமும் உடனே வாயில் வந்துவிட்டன. இரண்டுமே என் மாமாவுக்குப் பிடித்தவை. உடுப்புக்கு மட்டும் பொய் சொன்னேன். ஏதோ கோட்டு, சூட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையான பதில் ஒரு களிசான், ஒரு பழைய கால்சட்டை.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. உக்குவளைக்கு மேலே இருந்த தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் எங்களோடுதான் இருந்தார். பகலில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவார். பொழுது சாய்ந்தால் ராஜா. பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டு ஆரம்பித்தால் கையில் இருக்கும் ரொட்டி ஆறிப் போகும். மாத்தளைக்குப் புதுப்படம் வந்தால் இரண்டு தடவை பார்ப்பார். முதல் தடவை கதைக்கு, இரண்டாம் தடவை காலருக்கு. வந்ததும் கரித்துண்டால் சுவரில் அந்தச் சட்டையைத் துண்டு துண்டாக வரைவார். அம்மா திட்டிக்கொண்டே சுண்ணாம்பு அடிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உக்குவளைக் கடைத்தெரு முஸ்லிம் தையல்காரர் நானாவின் மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவார். "மலையில வெட்டுறது போதாதுண்டு என்ட பொழப்பயும் வெட்ட வந்தியாடா?" என்பார் நானா. ஆனால் மெஷினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருப்பார்.

அங்கே தைத்ததுதான் மாமாவின் பெல்பாட்டம். காயாத மிளகின் பச்சை. கால் இரண்டும் மணி மாதிரி விரிந்து, நடந்தால் படபடவென்று அடிக்கும். "ரோட்டக் கூட்ட இனி ஆள் தேவையில்ல" என்பாள் அம்மா. மாமா இன்னும் கொஞ்சம் வீசி நடப்பார்.

தோட்டத்து ஆட்களில் சிலருக்கு இலங்கை, சிலருக்கு இந்தியா என்று அரசாங்கங்கள் பிரித்துக்கொண்ட காலம் அது. அப்பாவும் அம்மாவும் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டதற்கு இலங்கை கிடைத்தது. மாமாவுக்கு இந்தியா என்று வந்தது. மாமா பாஸ், நாங்கள் பெயில் என்றே நான் நினைத்தேன். இந்தியா என்றால் எனக்கு சினிமாதான். படத்தில் வருகிறவர்கள் எல்லாரும் அங்கே அடுத்தடுத்த வீட்டில் இருப்பார்கள் என்று நம்பினேன்.

"மாமா, அங்க போய் ஹீரோவுக்கே சட்டை தைப்பீங்களா?"

"பின்ன? அவரு தோள் அளவு என் கண்ணுலயே இருக்கு மாப்ள. போய் எறங்குன அன்னைக்கே ஆளனுப்பிருவாரு."

அடுப்படியில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "எப்படா திரும்பி வருவ?"

"தீவாளிக்கு வந்து நிப்பேன்க்கா. நீ முறுக்கு சுட்டு வையி."

ஒவ்வொரு நாளும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னார்.

போகிற அன்று விடிய எழுந்தால், என் பாய்க்குப் பக்கத்தில் ஒரு பெல்பாட்டம். அதே மிளகுப் பச்சை, என் அளவில். மாமா தன்னுடையதையே வெட்டித் தைத்திருக்கிறார். போட்டுக்கொண்டு வாசலில் நடந்து பார்த்தேன். கால் கனத்தது. துணி அசையவில்லை.

"மாமா, இது பறக்கமாட்டேங்குது."

"பறக்கும் மாப்ள. கொஞ்சம் பொறு."

உக்குவளை ஸ்டேஷனில் சாவு வீடு மாதிரி சத்தம். கட்டிப்பிடித்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சினிமா தேசத்துக்குப் போகிறவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல். மாமாவோ வெறும் வேட்டியும் பழைய சட்டையுமாக நின்றார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

நான் துள்ளிய துள்ளலில் களிசான் காலில் சேறு பட்டது. அம்மா குனிந்து துடைத்தாள். துடைத்த கை கீழ் விளிம்பில் நின்றுவிட்டது. விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே மடிப்பு, அதற்குள் இன்னொரு மடிப்பு. வளரும் பிள்ளைக்குத் தையல்காரர்கள் நாங்கள் இரண்டு விரல் அகலம் துணி உள்ளே விடுவோம். அதில் ஒரு சாணுக்கு மேல் இருந்தது. இடுப்பிலும் அப்படியே. விரிந்த துணியை மடிப்புக்கு மடிப்பு சுருக்கி, வெளியே ஒரு நூல் தெரியாமல் தைத்திருந்தார். அந்த மாதிரித் தையல் எனக்கே இன்னும் வரவில்லை. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"தீவாளிக்கு வந்துருவேன்னு சொன்னியேடா தம்பி. அப்ப இவ்வளவு துணி எதுக்குடா உள்ள மடிச்சு வச்ச?"

மாமா என்ஜின் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"பய வளருவான்லக்கா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோச்சி நகர்ந்தது. நான் கூடவே ஓடினேன், கால் படபடவென்று அடிப்பதை மாமா ஜன்னலில் இருந்து பார்க்கட்டும் என்று. அடிக்கவில்லை. எவ்வளவு வேகமாக ஓடியும் அடிக்கவில்லை. நின்று அழுதேன். "மாமன் மேல எவ்வளவு உசிரு பாரு இந்தப் பயலுக்கு" என்று யாரோ ஒரு அக்கா என்னை அணைத்துக்கொண்டார்.

தீபாவளிக்குத் தீபாவளி அம்மா அதை எடுத்து ஒரு மடிப்பை அவிழ்த்துவிடுவாள். முறுக்கும் சுடுவாள். அவிழ்த்த இடத்தில் வெயில் படாத பச்சை ஒரு கோடாகத் தெரியும். கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. மாமா வரவில்லை.

கடைசி மடிப்பையும் அவிழ்த்த வருஷம் களிசான் பறந்தது. மாமா சொன்னபடியே பறந்தது. லயத்து வாசலில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன். "அம்மா, பாருங்க, பறக்குது!" என்று கத்தினேன். அம்மா ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல நாளும் அதுவுமாக ஏன் இப்படிச் செய்கிறாள் என்று கோபித்துக்கொண்டு, நான் இன்னும் வேகமாக ஓடினேன்.