பதினேழாம் நம்பர் கல்

என் தம்பியைப் பற்றிக் கேட்கிறவர்கள் முதலில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும். அவன் இப்போது இல்லை, உண்மைதான். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். மனநோய் இருந்ததும் உண்மை, பத்தொன்பது வயதிலிருந்து மாத்திரை சாப்பிட்டான். ஆனால் அவன் இருந்த வீட்டில் ஒரு நாளாவது அலுப்பாக இருந்ததா என்று என்னைக் கேளுங்கள். கிடையவே கிடையாது.

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெருவில் அம்மா, நான், அவன் மூன்று பேரும் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி, சீக்கிரமே போய்விட்டார். நான் ராயபுரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு வேலை கேள்வி கேட்பது. இறாலை வேகவைத்தால் ஏன் சிவக்கிறது? எண்ணூர்ப் புகை மத்தியானத்துக்குமேல் ஏன் திசை மாறுகிறது? பதில் வரும்வரை ஆளை விடமாட்டான். எங்கள் தடத்து பஸ் கண்டக்டர் ஒருவர் இவன் பின்பக்கம் ஏறினால் முன்பக்கம் போய் நின்றுகொள்வார்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கடல் எங்கள் தெருவின் முன்வரிசை வீடுகளைத் தின்று முடித்திருந்தது. மிச்சத்தைக் காப்பாற்ற லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கரையில் கொட்டினார்கள். தம்பி ஒரு லாரி டிரைவரிடம், "இந்தக் கல்லு இங்கியே நிக்குமா?" என்று கேட்டான்.

"கல்லுக்கு இன்னா காலா கீது, நடந்து போவ?" என்றார் டிரைவர்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். படகுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டைக் காசிமேட்டில் யாரிடமோ வாங்கிவந்து, விடியற்காலையில் கல்லுக்குக் கல் நம்பர் போட்டான். ஒன்றிலிருந்து நாற்பது வரை. நைலான் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. கரண்டு கம்பத்திலிருந்து ஒவ்வொரு கல்லும் எத்தனை முடிச்சு தூரம் என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டான். ஐந்து நாளாக அவன் தூங்கவில்லை. பேச்சு ஓடிய வேகத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு நான்தான் தெரியாதவள்போல் இருந்தேன்.

ஆனால் எங்கள் தெருவில் பெயிண்டில் நம்பர் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம். முந்திய புயலுக்குப் பிறகு ஆபீசர்கள் வந்து யார் கதவில் நம்பர் போட்டார்களோ அவர்களுக்குத்தான் மாற்று வீடு கிடைத்தது. விட்டுப்போனவர்கள் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அந்த ஜனம் கல்லில் நம்பரைப் பார்த்தால் சும்மா இருக்குமா? ஏழு மணிக்குள் நாற்பது கல்லிலும் ஆள் உட்கார்ந்தாயிற்று. மடியில் ரேஷன் கார்டு. பன்னிரண்டாம் கல்லுக்கு அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் மல்லுக்கட்டின. எதிர்வீட்டு மீன்கார அக்கா பதினேழில் தன் ஆட்டையே கட்டிப்போட்டுவிட்டாள். பெயிண்டும் பிரஷ்ஷுமாக நின்ற என் தம்பியை ஆபீசர்கள் வேலைக்கு வைத்த ஆள் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

"எட்டு நமக்கு ஆவாது நைனா, வேற நம்பர் போட்டுக் குடு" என்று ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்தார்.

"எப்ப நைனா தெரியும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மழைக்கு அப்பால தெரிஞ்சிடும்" என்றான் தம்பி. என்னிடம் ஓடிவந்தான். "யக்கா, பாத்தியா? கல்லு இன்னா ஆவும்னு தெருவுக்கே தெரிஞ்சிக்கணுமாம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குள் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அதற்குமேல் என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு கல்லின்மேல் ஏறி நின்று சொன்னேன்: "ஆபீசரும் இல்ல, வூடும் இல்ல. கல்லு நவுருதான்னு பாக்க என் தம்பி போட்ட நம்பரு இது."

மீன்கார அக்கா ஆட்டை அவிழ்த்துக்கொண்டு தன் வழியே போனாள். மற்றவர்கள் அப்படிப் போகவில்லை. ஒருவர் தம்பியின் சட்டையைப் பிடித்தார். "இத்த ஏன் அவுத்து வுட்டீங்க?" என்று இன்னொருவர் அம்மாவைக் கேட்டார். நான் பதிலுக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது. தம்பிக்கு அவர்கள் கோபம் புரியவே இல்லை. கணக்குக் காட்டாததால்தான் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டான். அதற்குள் அலை ஏறி ஒன்றாம் நம்பர் கல் முழுகியிருந்தது. அதைக் கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கிவிட்டான். சட்டையைப் பிடித்த அதே ஆள்தான் முதலில் குதித்து அவனை இழுத்துவந்தார்.

ஆஸ்பத்திரி என்றதும் ஈரத் துணியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"மாத்திரய ஏத்துனா கேள்வி பூடும் யக்கா. போன வாட்டி நாலு மாசம் ஒண்ணுமே தோணல. சொவத்தப் பாத்துகினு குந்தினு கெடந்தேன். இந்த வாட்டி திரும்பி வராமலே பூட்டா?"

எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் சொன்னேன்: "வரும். அது வர்ற வரிக்கும் கல்ல நான் பாத்துக்கறேன். நீ வா."

வந்தான்.

வாரம் ஒருமுறை அவனைப் பார்க்கப் போகும் நாளில் காலையில் கயிற்றோடு கரைக்குப் போவேன். பிறகு பஸ் ஏறிப் போய் அவனுக்குக் கணக்கு வாசிப்பேன். நன்றாகத் தூங்கினான், சாப்பிட்டான், உடம்பு தேறியது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் நாற்பது கல்லின் கணக்கையும் கேட்டுவிட்டு "உம்" என்பான். மூன்று வாரமும் அந்த ஒரு "உம்"தான். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம், பொறுங்கள் என்றார் டாக்டர். நான் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வீடு வருவேன். அவன் கேள்வியை நானே கொண்டுபோய்த் தொலைத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

நான்காம் வாரம் கயிறு என் கையிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்: "ஒத்த ஆளா கயிறு புடிச்சா இன்னா கணக்கு வரும்? குடு இப்டி." மீன்கார அக்கா. கம்பத்தடியில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் அந்த எட்டாம் நம்பர் பெரியவரும் வந்தார். அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகும்போதே தெருக்காரர்கள் வாசலில் நின்று சொல்வார்கள்: "பன்னெண்டு அப்டியே கீதுன்னு தம்பியாண்ட சொல்லு." திட்டின வாய்தான், ஆனால் கல்லைப் பார்க்காமல் யாருக்கும் பொழுது விடியவில்லை.

ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டி ஓய்ந்த காலையில் மீன்கார அக்கா எங்கள் கதவை இடித்தாள். "பதினேழு சாஞ்சிடுச்சிடி. போய் உன் தம்பி கைல சொல்லு."

நான் கம்பெனிக்குப் போகவில்லை. கையில் கிடைத்த சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு நேராக பஸ் ஏறினேன். பார்க்கும் நாள் இல்லை; வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போனேன். தம்பி கட்டிலில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், பதினேழு சாஞ்சிடுச்சாம்டா."

"உம்" என்றான். துண்டை இன்னொரு மடிப்பு மடித்தான். அப்புறம் கை நின்றது.

"எந்தப் பக்கம்?"

"இன்னாது?"

"எந்தப் பக்கம் சாஞ்சிது யக்கா? கடல் பக்கமா, நம்ம பக்கமா?"

நான் வீட்டு வாசலிலிருந்து பஸ்ஸுக்கு ஓடிவந்தவள். கரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாக்கலடா" என்றேன்.

துண்டைக் கட்டிலில் விட்டெறிந்தான். "பாக்காம இன்னாத்துக்கு வந்த?"

என்னிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டுச் சும்மா போன ஆள் அதுவரை கிடையாது. அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "தோ, போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, சோற்றுத் தூக்கை அவன் கட்டிலிலேயே வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.