தரையின் ஒரே குளோசப்

என் தங்கை புருஷனுக்கு ஸ்டண்ட் யூனிட்டில் ‘தரை’ என்று பெயர். யார் அடித்தாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருவார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, இவருக்கு மண் ஒட்டினால்தான் சம்பளம். இருபது வருடமாக மேஜை மேல், கண்ணாடி மேல், மாடிப்படி மேல் விழுந்தே குடும்பத்தை நிமிர்த்திவிட்டார். ஆனால் ஒரு படத்திலும் முகம் முழுசாகத் தெரிந்ததில்லை. டிவியில் படம் ஓடும்போது, "மச்சான், அதோ அந்த முட்டி என்னுதுதான்" என்று காட்டுவார். நாங்களும் முட்டியைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வோம். வேறு வழி?

அப்புறம் அந்தப் படம் வந்தது. கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் போலீசுக்குத் தெரியாமல் சண்டைப் போட்டி நடத்துகிற கூட்டத்தின் கதை. கம்பிவலைக் கூண்டு, சுற்றிலும் பந்தயம் கட்டிக் கத்துகிற ஜனம். நான் ஜெனரேட்டர் வண்டி டிரைவர். தங்கைக்கு உடுப்புப் பிரிவில் வேலை: ஒவ்வொரு டேக்குக்கும் புதுப் பனியனை அளவாகக் கிழித்துச் சிவப்புச் சாயம் தெளிக்க வேண்டும். "ஊரெல்லாம் கிழிஞ்சதைத் தைக்குது, நான் நல்லதைக் கிழிக்கிறேன்" என்பாள்.

டைரக்டர் மாப்பிள்ளைக்கு ஒரு குளோசப் கொடுத்தார். ஹீரோ பின்னாலிருந்து முழங்கையால் கழுத்தை இறுக்குவான். இவர் கையால் தரையைத் தட்டி, பிடியை விடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அவன் விடக்கூடாது. ஸ்டண்ட் ஆட்களுக்குள்ளும் பிடி வலித்தால் தட்டுவதுதான் வழக்கம், உடனே விட்டுவிடுவார்கள். அன்றைக்குத் தட்டுவதே காட்சியாகிவிட்டது. நிஜமாக வலித்தால் என்ன செய்வது என்று யாரும் பேசிவைக்கவில்லை. குளோசப் கிடைத்த சந்தோஷத்தில் மாப்பிள்ளைக்கும் தோன்றவில்லை.

டேக்கில் ஹீரோவின் கை வியர்வையில் வழுக்கித் தொண்டைக்குழியில் பதிந்தது. மாப்பிள்ளை தட்டினார். அவன் விடவில்லை. மறுபடியும் தட்டினார். கண் பிதுங்கியது. "என்னா ஆக்டிங்யா!" என்று டைரக்டர் மானிட்டர் முன்னால் துள்ளினார்.

அந்த வார்த்தைதான் தங்கையை உலுக்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இந்த மனுஷனுக்கு ஒரு கடுகை மறைக்கத் தெரியாது. பட்டினியாக வந்து ‘சாப்பிட்டேன்’ என்று சொன்னாலே காது சிவந்துவிடும்.

"ஐயோ, அவருக்கு இவ்வளவு நல்லா நடிக்க வராதே!"

கத்தரிக்கோலை எறிந்துவிட்டு ஓடினாள். கூண்டுக்குள் புகுந்து ஹீரோவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளைக்கு இருமலோடு மூச்சு திரும்பி வந்தது. நடிப்பென்றே நினைத்திருந்த ஹீரோ, பாவம், அழுதேவிட்டான்.

டைரக்டர் மட்டும் அழவில்லை. "அவங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி வரைக்கும் சுத்தமா இருக்கு. படத்துலயே பெஸ்ட் ஷாட் இதுதான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஜெனரேட்டரை அணைத்துவிட்டுப் போயிருப்பேன்.

அதைவிடக் கோபம், மாப்பிள்ளை தலையாட்டியது. "இருக்கட்டும்மா" என்றார், கரகரத்த தொண்டையோடு. "இத்தனை வருஷத்துல என் மூஞ்சி முழுசா விழுந்தது இது ஒண்ணுலதான்."

"அது உயிர் போற மூஞ்சிங்க. அதைப் பார்த்து ஊரே விசிலடிக்கும். அப்ப நான் எங்க போய் உட்காருவேன்? சொல்லுங்க."

மாப்பிள்ளை கழுத்தைத் தடவியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து டைரக்டரிடம் போனார்.

"சார், அதை அழிச்சிடுங்க. இன்னொரு தடவை எடுத்துக்கலாம்."

"இது மாதிரி மறுபடி வராதுய்யா!"

"வர வேணாம் சார்."

டைரக்டர் முரண்டு பிடித்தார். ஃபைட் மாஸ்டர் நடுவில் வந்து, "என் ஆளு வேணாம்னா வேணாம்" என்றார். பழையதை அழித்தார்கள். நிஜமாக வலித்தால் ஹீரோவின் தொடையைக் கிள்ளுவது என்று பேசிக்கொண்டு மறுபடி எடுத்தார்கள். மாப்பிள்ளை கண்ணை உருட்டினார், நாக்கை நீட்டினார். வயிற்றுவலிக்காரன்கூட இன்னும் நன்றாகச் செய்திருப்பான். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓகே சொன்னார்.

படம் வெளியானதும் குடும்பமாகப் போனோம். திரை முழுக்க அந்த முகம் வந்தது. கண்ணை உருட்டினார், தட்டினார், மறுபடியும் உருட்டினார். தியேட்டரில் சிரிப்பு கிளம்பியது. மாப்பிள்ளை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துகொண்டார்.

முன்வரிசையில் ஒருத்தன் கத்தினான்: "யோவ், சீக்கிரம் செத்துத் தொலையேன்யா!"

என் தங்கை எழுந்து நின்றாள். கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் பல்.

"மாட்டாருடா!" என்று திருப்பிக் கத்தினாள். "இப்ப என்னங்கிற?"