பேசாமல் இருக்க எவ்வளவு?

செஞ்சி பஜாரில் கமலேஷின் செல்போன் கடைக்கு வருகிற எல்லோரும் பேசுவதற்குக் காசு கட்டுகிறார்கள். பேசாமல் இருப்பதற்குக் கட்டுகிறவர் விநாயகம் ஒருவர்தான். மூன்று வருடமாகப் படியேறி வந்து அவர் கேட்பது ஒரே கேள்வி.

"தம்பி, நான் யாருகிட்டயும் பேசமாட்டேன். பேசாம இருக்கறதுக்கு எவ்ளோ?"

கம்பெனியோ அளவில்லாமல் பேசு என்கிறது. அதோடு தினமும் ஒன்றரை ஜிபி, நூறு எஸ்எம்எஸ், ஆயுசுக்கும் பார்த்து முடியாத அளவுக்குப் படம். ஒரு வாய் மோர் கேட்டு வாசலில் நின்றவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, இலை போட்டு, பாயசம் வரைக்கும் பரிமாறி, எல்லாவற்றுக்கும் சேர்த்து மொய் எழுதச் சொல்கிற உபசாரம் அது.

விநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் நின்றுபோன மோட்டாரை மேலே தூக்குவது தொழில். முக்காலி நட்டு, சங்கிலி மாட்டி, இருநூறு முந்நூறு அடிக் குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டு, கடைசியில் சேறு வழிய வரும் மோட்டாரைப் பிறந்த குழந்தை மாதிரி இரண்டு கையாலும் வாங்கித் தரையில் கிடத்துவார். குனிந்து முகர்ந்து பார்ப்பார். உள்ளே செம்புக்கம்பிச் சுற்று கருகியிருந்தால் "காயில் போயிட்டுது" என்பார். அன்றைய பேச்சு அத்துடன் சரி. கல்யாணத்தன்றுகூட ஐயர் சொல்லச் சொன்னதை மட்டும்தான் சொன்னார் என்று அவர் மனைவி ராஜாம்பாள் இன்றைக்கும் சாட்சி சொல்லத் தயார்.

அவரிடம் இருப்பது பட்டன் போன். யாராவது கூப்பிட்டால் "எந்த ஊரு? எத்தினி அடி? வரேன்" என்பார். கட் பண்ணிவிடுவார். அவராக யாரையும் கூப்பிட மாட்டார். நேரில் போவதற்கு ஒரு டிவிஎஸ் வண்டி இருக்கும்போது எதற்குக் கூப்பிடவேண்டும் என்பது அவர் கட்சி.

அப்படியானால் போனே எதற்கு என்று கேட்கலாம். கேட்பவர்கள் செஞ்சிக்கு வெளியே ஒரு மைல் போய்ப் பார்க்கவேண்டும். பதினாலு வருடத்துக்கு முன்னால், "லைஃப்டைம்" என்று சொல்லி விற்ற கார்டை வாங்கிய கையோடு ஒரு டப்பா நீல பெயிண்டையும் வாங்கினார் விநாயகம். மோட்டார் கொட்டகை, மதகு, இடிந்த களத்துமேட்டுச் சுவர் என்று எது நின்றிருந்ததோ அதிலெல்லாம் தன் நம்பரை எழுதினார். தளவானூர் பக்கம் பதினெட்டு, சீயமங்கலம் சாலையில் இருபத்திரண்டு, அவலூர்பேட்டை வழியில் முப்பது, மற்ற பக்கங்களில் மிச்சம் என்று மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு சுவர். ராஜகிரிக் கோட்டை உச்சியில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற நிலமெல்லாம் அந்தக் காலத்தில் ராஜாவுக்குச் சொந்தமாம். இப்போது அங்கே விநாயகத்தின் நம்பர் இருக்கிறது. கோட்டைச் சுவரில் மட்டும் எழுதவில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல, உள்ளே மோட்டார் இல்லை.

லைஃப்டைம் என்றால் தன் ஆயுள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி தன்னுடைய ஆயுளைச் சொல்லியிருக்கிறது. அந்தக் கம்பெனி போனது, இன்னொன்று வந்தது, நம்பரைத் தூக்கிக்கொண்டு அவரும் இரண்டு முறை இடம் மாறிப் பார்த்தார். எங்கே போனாலும் இருபத்தெட்டு நாள் என்பது மட்டும் மாறவில்லை.

அங்கேதான் வந்தது வினை. தேதி, கிழமை எதுவும் விநாயகத்தின் தலையில் நிற்காது. ஆனால் அமாவாசையை மறக்கவே முடியாது. அன்றைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பிதுங்கும். எலுமிச்சம்பழ மாலைக்காரி குரலே போதும். ஆகவே அமாவாசைக்கு அமாவாசை ரீசார்ஜ் என்று வைத்துக்கொண்டார். நல்ல ஏற்பாடுதான். சந்திரன் ஒரு சுற்று வர இருபத்தொன்பதரை நாள் எடுத்துக்கொள்கிறது, கம்பெனி இருபத்தெட்டிலேயே முடித்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். மாதாமாதம் ஒன்றரை நாள் அவருடைய போன் பிணமாகக் கிடக்கும். அது பொதுவாகவே சத்தம் போடாத போன் என்பதால் இந்தச் சாவு அவருக்குத் தெரியாது.

"ரெண்டு நாள் மின்னாடியே முடிஞ்சிட்டுதுண்ணே" என்பான் கமலேஷ், மாதம் தவறாமல்.

"எப்டி முடியும்? அமாவாச இன்னிக்குத்தான?"

"அமாவாசைக்கும் கம்பெனிக்கும் இன்னாண்ணே சம்பந்தம்?"

"மாசம்னு சொல்லித்தான தம்பி துட்டு வாங்கற?"

"மாசம்னு நான் சொல்லவே இல்லியே. இருவத்தெட்டு நாளுன்னு சொன்னேன்."

"இருவத்தெட்டு நாளுல முடியற மாசம் உங்க ஊட்ல இருக்குதா?"

பிப்ரவரி என்ற சொல் கமலேஷுக்கு வாய் வரைக்கும் வரும். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, அடக்கிக்கொள்வான்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் பார்த்திபனும் சும்மா இருக்கவில்லை. ஆப்பை இறக்கிக்கொள் நைனா, அதுவே ஞாபகப்படுத்தும் என்று யோசனை சொல்வதற்காகக் கூப்பிடுவான். பட்டன் போனில் எந்த ஆப்பும் இறங்காது என்பது அவனுக்கு நினைவிருக்காது. நினைவு வந்து மறுபடி கூப்பிட்டால் அன்றைக்குப் பார்த்து அந்த ஒன்றரை நாளாக இருக்கும்.

போன பங்குனி அமாவாசை காலையில் விநாயகம் வழக்கம்போல் கடைக்கு வந்தார். பஜாரில் மஞ்சள் புடவைக் கூட்டம். மோட்டார் தூக்கிய பணம் சட்டைப்பையில் இருந்தது. இந்த முறை ஒரு முடிவோடு வந்திருந்தார்.

"இருக்கற பிளானெல்லாம் வரிசையா படி. எனக்குத் தோதா ஒண்ணு இல்லாமலா போயிடும்?"

கமலேஷ் போனை எடுத்துப் படித்தான். "இருவத்தெட்டு நாளு, தெனம் ஒன்ர ஜிபி. அம்பத்தாறு நாளு, தெனம் ரெண்டு ஜிபி, கிரிக்கெட் ஃப்ரீ. எம்பத்துநாலு நாளு, தெனம் ரெண்டு ஜிபி, படம் ஃப்ரீ, ராத்திரி பன்னெண்டுல இருந்து காலைல ஆறு வரைக்கும் நெட்டு எவ்ளோ வேணா..."

"அந்நேரத்துக்கு நான் தூங்குவேன்."

"சரி, விடுங்க. நெட்டு ஃப்ரீதான?"

"ஃப்ரீன்னா அத எடுத்துட்டு வெலயக் கொற."

"எடுக்க முடியாதுண்ணே. அது ஃப்ரீ."

"ஃப்ரீயா குடுக்கறத வேணான்னு சொல்றதுக்குக்கூட எனக்கு உரிம கெடையாதா?"

கமலேஷ் பெருமூச்சு விட்டான். "ஒண்ணு பண்ணுங்க. பஸ் ஸ்டாண்டாண்ட கொட போட்டு புது சிம்மு சும்மா குடுக்கறான். ஒரு மாசம் பணமே இல்ல. வாங்கிப் போட்டுக்கோங்க."

"புது நம்பரா?"

"ஆமா."

"நூத்திப் பன்னெண்டு செவுரு. அழிச்சி எழுத நீ வருவியா, இல்ல கொடக்காரன் வருவானா?"

இந்த இடத்தில்தான் ஜெயக்கொடி வந்தார். தளவானூரில் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருக்கிற பெண்மணி. காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, விநாயகத்தின் வீட்டுக்குப் போய், அங்கே ராஜாம்பாள் கைகாட்டிவிட்டதில் வெயிலோடு வெயிலாக பஜாருக்கு நடந்து வந்திருந்தார். மூச்சு வாங்கியது. குரலுக்கு ஒன்றும் குறைவில்லை.

"யோவ் மோட்டார்காரரே! செத்துட்டியா, இருக்கிறியா?"

"இன்னாம்மா?"

"இன்னாம்மாவா? மிந்தாநேத்து சாயந்தரம் மோட்டார் நின்னுபோச்சி. கதிரு பால் புடிக்கிற நேரம். நேத்து பூரா உனுக்குப் போன் போட்டேன். ஒரு பொம்பள எடுத்து இந்த நம்பர் சேவையில இல்லன்றா. நான் உன் பொண்டாட்டின்னு நெனச்சி அவகிட்ட அஞ்சி நிமிசம் சண்ட போட்டேன்யா!"

கடைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். விநாயகம் சிரிக்கவில்லை. கமலேஷைப் பார்த்தார். மூன்று வருடமாக அவன் சொல்லி வந்த "ரெண்டு நாள் மின்னாடி" என்பதற்கு இப்போது உருவம் வந்து, மஞ்சள் பையோடு எதிரில் நின்றது.

"என் கொட்டா செவுத்துல பாதிய நீ புடிச்சி வெச்சிருக்க" என்றார் ஜெயக்கொடி. "அவலூர்பேட்ட செந்தமிழன் வண்டியில கிரேனே வெச்சிருக்கான். நேத்தே வந்து நின்னான். செவுத்துல எடம் குடு, இப்பவே தூக்கறேன்னான். பழகுன மனுசனாச்சேன்னு உன்னத் தேடி வந்தேன். இப்போ சொல்லு. உன் நம்பரு இருக்குமா, இருக்காதா? இருக்காதுன்னா நான் போயி சுண்ணாம்ப அடிச்சிட்டு அவனக் கூப்பிடறேன். நெல்லு உனுக்காகக் காத்திருக்காது."

விநாயகம் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு மோட்டார் போனால் ஒரு நாள் கூலி போகும். சுவர் போனால் திரும்ப வராது. ஒரு கொட்டகையில் செந்தமிழன் எழுதினால் பக்கத்துக் கொட்டகைக்காரன் பார்ப்பான். பிறகு பதினெட்டு என்பது பதினேழாகி, பத்தாகி, கடைசியில் தளவானூரே போய்விடும்.

"இருக்கும்மா. மாசாமாசம் போட்டுட்டுதான் இருக்கிறேன். இந்தத் தம்பிதான் ரெண்டு நாளு முழுங்கிடறான்."

"நான் முழுங்கறனா? அண்ணே, இது நியாயமே இல்ல!"

"எதுக்குய்யா மாசாமாசம் போடற?" என்றார் ஜெயக்கொடி. "என் மருமவ எனக்கு ஒரே தடவயா ஒரு வருசத்துக்குப் போட்டுட்டா. நெட்டு கெட்டு ஒண்ணியும் கெடையாது, பேசறது மட்டுந்தான். பொங்கலுக்குப் போட்டது, இன்னும் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

விநாயகம் மெதுவாகத் திரும்பினார்.

"தம்பி. நெட்டு இல்லாத பிளானு இருக்குதா?"

கமலேஷ் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தான். சுத்தமான கண்ணாடிதான். "இருக்குது... யாரும் கேக்கமாட்டாங்கண்ணே."

"மூணு வருசமா நான் இன்னா கேட்டேன்?"

"நீங்க பேசாம இருக்கறதுக்குக் கேட்டீங்க. இது பேசறதுக்கு."

பதிலில் குற்றம் காண முடியாது. வழக்கறிஞர் ஆகவேண்டிய பையன், செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறான். "அதுவும் இப்போ சமீபமாத்தான் வந்திருக்குது" என்று சேர்த்துக்கொண்டான். அதுவும் உண்மைதான். சமீபமாக வந்தபின் விநாயகம் இரண்டு அமாவாசைக்குக் கடையேறினார் என்பதும் உண்மை.

கமலேஷ் கட்டைவிரலால் திரையைத் தள்ளத் தொடங்கினான். கிரிக்கெட் போனது. படங்கள் போயின. வெளிநாட்டுக்குப் பேசுவது, பாட்டு கேட்பது, குடும்பத்தோடு சேர்ந்து போடுவது எல்லாம் மேலே போய்க்கொண்டே இருந்தன. விநாயகம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். இருநூறு அடிக்குக் குறையாமல் இறங்கியிருப்பான். எல்லாவற்றுக்கும் அடியில், சேற்றில் மோட்டார் கிடப்பதுபோல, அந்தப் பிளான் கிடந்தது. முந்நூற்று அறுபத்தைந்து நாள். பேச்சு மட்டும். ஆயிரத்து எண்ணூறுக்குப் பக்கத்தில்.

"ஏன் தம்பி இதப் போயி இவ்ளோ ஆழத்துல போட்டிருக்கானுங்க?"

"மேல வெச்சா எல்லாரும் எடுத்துடுவாங்க இல்ல?" என்றார் ஜெயக்கொடி, கமலேஷுக்குப் பதிலாக.

வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை இருநூறு இருநூறாகக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்த விநாயகம், கூட்டல் முடிந்ததும் கமலேஷை ஒரு முறை பார்த்தார். பணத்தை எடுத்து வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"எந்த அமாவாசைக்கு முடியும்?"

"அண்ணே!"

"சொல்லு தம்பி. ஒரு வருசம்ன்ற. எந்த வருசம்னு தெரியவேணாமா?"

கமலேஷ் தன் போனில், தன் ஒன்றரை ஜிபியில், அடுத்த வருடத்துப் பங்குனி அமாவாசையைத் தேடினான். தேடி, விரல்விட்டு எண்ணி, மறுபடி எண்ணினான்.

"அடுத்த பங்குனி அமாவாசைக்கு வந்தீங்கன்னா... இன்னும் பத்து நாளு மிச்சம் இருக்கும்ணே."

"மிச்சமா? எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

விநாயகம் கையை எடுத்தார்.

ரீசார்ஜ் ஆனதும் போன் உயிர் வந்து ஒரு சத்தம் போட்டது. கம்பெனியிலிருந்து செய்தி. கமலேஷ் வாங்கிப் படித்தான். நெட்டு இல்லாமல் கஷ்டப்படுகிறீர்களா, இன்றே இரண்டு ஜிபி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. விநாயகம் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சில நேரங்களில் திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

மலையனூர்க் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு டிவிஎஸ் வண்டி தளவானூர் போனது. பின்னால் ஜெயக்கொடி, கயிறு சங்கிலி மேல் உட்கார்ந்து, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். நிழல் கிழக்கே சாய்வதற்குள் மோட்டார் மேலே வந்தது. விநாயகம் குனிந்து முகர்ந்தார். காயில் போகவில்லை, ஒயரில்தான் கோளாறு. சரிசெய்து இறக்கி, பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது.

ஜெயக்கொடி மடையைத் திருப்பிவிட்டு வந்து பார்த்தபோது, விநாயகம் கொட்டகைச் சுவர்முன் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் நீல பெயிண்ட் டப்பா. பழைய நம்பரின் மேல் ஒரு கோட்டிங் கொடுத்துவிட்டு, அதன் கீழே புதிதாக ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தார். "அடுத்த பங்குனி அமாவாசை வரை."

"இதெதுக்குய்யா?"

"நான் மறந்தாலும் நீ ஞாபகப்படுத்துவ இல்ல? நாளையிலேருந்து மத்த செவுத்துலயும் எழுதணும்."

"அதான் மேல பத்து நாளு இருக்குதுன்னானே. அதையும் சேத்து எழுதேன்."

"அது எனுக்கு."

"நீதான் பேசவே மாட்டியே. அத வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

விநாயகம் பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசினார். நீலம் கொஞ்ச தூரம் வாய்க்காலோடு போய்க் கரைந்தது.

"பேசமாட்டேன்" என்றார். "ஆனா இருக்குது இல்ல?"