ஆயிரத்து இருபத்துநாலு எழுத்து

தொலைபேசிக் கம்பிகளோடு இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர் உடுப்பிட்டி இராசநாயகம். கொம்பியூட்டரைத் தானாகவே படித்தார். பிழை விடுவது மற்றவர்களின் வேலை என்று நினைப்பவர்.

1986இல் சுன்னாகத்தில், இராணுவத்திடம் பிடிபட்ட பிள்ளைகளைத் தேடும் ஒரு சபை அவரைக் கூப்பிட்டது. தென்பகுதி முகாம் ஒன்றிலிருந்து விடப்படுபவர்களின் பட்டியல் கொழும்பிலிருந்து தொலைபேசி வழியாகச் சபையின் கொம்பியூட்டருக்கு வரும். குறித்த நாளில் உறவினர் போய்க் கையொப்பமிட்டால் பிள்ளை வீட்டுக்கு. போகாவிட்டால் வேறு முகாமுக்கு. இராசநாயகத்தின் மகன் நகுலேந்திரனும் அங்கேதான் கிடந்தான்.

கம்பியில் விநாடிக்கு நூற்றிருபது எழுத்து வந்தது. பிரின்டர் பதினைந்துதான் அடித்தது. மிச்சம் காத்திருக்க நினைவகத்தில் ஓர் இடம் வேண்டும், அதுதான் பஃபர். அதைப் பெருப்பித்தால், பிடிபட்டவர்களின் பெயர் அட்டவணையை நினைவகத்தில் வைக்க முடியாது. மெதுவான டிஸ்க் தட்டில்தான் தேட வேண்டும். வாசலில் நிற்கும் தாய்க்குப் பதில் சொல்ல நாலு நிமிடம் போய்விடும். தானே முப்பது பெயர் எழுதி அனுப்பிப் பார்த்தார். வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து. பஃபருக்கு ஆயிரத்து இருபத்துநாலு எழுத்து போதும் என்று முடிவு கட்டினார்.

“அண்ணை, உந்த இடம் காணுமோ? இன்னும் கொஞ்சம் விடுங்கோவன்” என்றாள் சபையின் எழுதுவினைஞர் செபஸ்தியம்மா.

“விடலாம். சனம் வாசலிலை நிண்டு காயும். நீர் கச்சான் கடலை வித்துக் குடுப்பீரோ?”

அவள் தன் கோப்புகளுக்குத் திரும்பினாள்.

பஃபர் நிறைந்தபின் வருவதைக் கைவிடும்படியும், அரைகுறை வரியை அழிக்கும்படியும் புரோகிராம் எழுதியிருந்தார். அரை வரி அவருக்கு அவலட்சணம்.

முதல் பட்டியலில் இருபத்துமூன்று பெயர் வந்தது. துப்புரவாக இருந்தது. மகனின் பெயர் அதில் இல்லை.

“வடிவாப் பாத்தனிங்களோ?” என்று வீட்டில் மனைவி குணலட்சுமி கேட்டாள்.

“இல்லாத பேரை மெசின் அடிக்குமே? விசர்க்கதை கதையாதை.”

பத்து நாள் கழித்துத் தபாலில் மூலப் பிரதி வந்தது. முப்பது பெயர். எல்லாரையும்போல அவரும் தகப்பன் பெயருக்கு முதலெழுத்தை மட்டும் போட்டுப் பரிசோதித்திருந்தார். முகாமில் தகப்பன் பெயரை முழுதாக எழுதியிருந்தார்கள். வரிக்கு ஐம்பது எழுத்து. இருபத்தேழாவது: இராசநாயகம் நகுலேந்திரன், உடுப்பிட்டி.

குறித்த நாள் போய் ஆறு நாளாகியிருந்தது. முகாமுக்கு ஓடினார். வாசலில் ஒருவன் பேரேட்டைப் பார்த்துச் சொன்னான்: “ஒருத்தரும் வரேல்லை. அனுப்பியாச்சு.” எங்கே என்று அதில் எழுதியிருக்கவில்லை.

திரும்பி வந்து பஃபரை நாலு மடங்காக்கினார். அதன்பின் ஒரு பெயரும் தவறவில்லை.

அடுத்த கிழமை சபை வாசல் வரிசையில் குணலட்சுமி நின்றாள்.

“அக்கா, நீங்கள் ஏன் இதிலை? அண்ணையைக் கேக்கலாமே?” என்றாள் செபஸ்தியம்மா.

“அவரை முந்தியே கேட்டனான், பிள்ளை.”

இராசநாயகம் தலை நிமிராமல் மகனின் பெயரைத் தட்டினார். நாலு நிமிடம் எடுத்தது. வேறு முகாம் எதிலும் இல்லை என்று வந்தது. அதில் பிழை இருக்கவில்லை.