கடைசி நான்கு பக்கம்

பகலில் அவர் கொழும்பு வெள்ளவத்தையில் நூலகர். மாலையில் கொட்டாஞ்சேனையில் அச்சகக்காரர். சட்டைப்பையில் எப்போதும் மை கசிந்த சிவப்புப் பேனா. அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரை அவரிடம்தான் அச்சடித்தேன். தேவாரங்களுக்குப் பின்னால் நான்கு பக்கம், ஏதோ ஒரு பழைய இலக்கியத்துக்கு அவர் எழுதிய உரை இருந்தது.

“இது என்னத்துக்கு ஐயா?”

“முழுசாப் போட ஒருத்தரும் முன்வரேல்லை தம்பி. செத்தவீட்டுப் புத்தகமெண்டா ஆரும் எறியமாட்டினம். அதுதான் ஒவ்வொரு மலரிலையும் நாலு பக்கம் போடுறன். கடைசி நாலு பக்கமும் என்ரை முப்பத்தொண்டாம் நாள் மலருக்கு.”

அந்தப் பக்கங்களை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நானும் படிக்கவில்லை.

போன மாதம் அவர் செத்துப்போனார். கனடாவிலிருக்கும் மகன் நினைவு மலர் எதுவும் அடிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் வாட்ஸ்அப்பில் அவருடைய படம் ஒன்றை மட்டும் அனுப்பினான். நானும் கைகூப்பும் பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன்.