நான்கு எலுமிச்சம்பழங்களும் பிரேக் இல்லாத காரும்

காலை ஏழு இருபதுக்கு நான்கு எலுமிச்சம்பழங்களோடு வாசலுக்கு வந்தேன். டயர்களுக்கு அடியில் வைக்க வேண்டிய பழங்கள். கார் இல்லை. முதல் நாள் மாலை அதன் முகப்பில் கட்டிய மல்லிகைச் சரம் மட்டும் சிமெண்டுத் தரையில் கிடந்தது.

அந்தக் காருக்குப் பிரேக் சரியில்லை. லுக்குட்டில் பட்டறை வைத்திருப்பவர், "குழாயெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு, ரோட்டுக்குக் கொண்டு போகாதீங்க" என்று சொல்லி, லாரியில் ஏற்றி வந்து லாபுவில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டிருந்தார். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றேன் நான். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. எஸ்டேட் கோயிலுக்குக் கொடுப்போம், பிரேக்கை மாற்றிக்கொண்டு வயதானவர்களைக் கிளினிக்குக் கூட்டிப்போவார்கள் என்றார். மாற்றாமலே யாராவது ஓட்டிவிட்டால் என்ற பயம் எனக்கு. எட்டு மணிக்கு இழுவை லாரி வரும் என்பது மட்டும் உறுதி. அது இரும்புக் கடைக்குப் போகுமா, கோயிலுக்குப் போகுமா என்பது அவர் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்வரை முடிவாகவில்லை. எங்கே போனாலும் மரியாதையாக அனுப்ப வேண்டும் என்பதில் மட்டும் சண்டையில்லை. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் கட்டியிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் காருக்குப் பூசை போட்டால் ஒன்று புதிதாக வாங்கியிருப்பார்கள், இல்லையென்றால் பழுது பார்த்துக் கொண்டுவந்திருப்பார்கள். வழியனுப்பப் பூசை போட்டவர்கள் நாங்கள்தான். கோலாலம்பூரில் படிக்கும் மகள் முந்திய இரவுதான் விடுமுறைக்கு வந்திருந்தாள். பூவைப் பார்த்தாள், கார் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அவள் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை.

எதிர் வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "பக்கத்து வீட்டு மருமகளுக்கு வலி வந்துருச்சு. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். ஒம் மகதான் மாமியாரையும் மருமகளையும் ஏத்திக்கிட்டுப் போறா. நல்லவேளை, நேத்தே காரை ரெடி பண்ணி வச்சீங்க."

மகளுக்குப் போன் அடித்தேன். அது வீட்டுக்குள் சார்ஜரில் கிடந்து பாடியது.

அந்த நேரம் பார்த்து இழுவை லாரி முன்கூட்டியே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தலையை நீட்டி, "அக்கா, கார் எங்க?" என்றார்.

"சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு, தம்பி."

"பிரேக் இல்லாத காரா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பழங்கள் இன்னும் கையில்தான் இருந்தன.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் அந்த லாரி அப்படிப் பறக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் சாலையோரக் கால்வாயை எட்டிப் பார்த்தேன். "கால்வாயைப் பாக்காதீங்கக்கா, ரோட்டைப் பாருங்க" என்றார். இறக்கம் வந்தது. அதன் பாதியில், இடது பக்கம், வெட்டிய செம்பனை மட்டைகளை வரிசையாய் அடுக்கியிருந்த குவியலுக்குள் எங்கள் கார் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. சந்தனம் வைத்த முன்பக்கம் தெரியவேயில்லை.

மகள் வெளியே நின்றுகொண்டு பக்கத்து வீட்டு மாமியாரோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

"நான் வேணும்னேதான் திருப்புனேன், அத்தை. மட்டை மெத்து மெத்துன்னு இருக்கும்ல."

"மெத்தையில முட்டினேன்னு சொல்லு. எனக்குத்தான் மொதல்ல வலி வந்துருச்சு."

மருமகள் பின்சீட்டில் வலியிலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான் நான் லாரியிலிருந்து இறங்கினேன்.

லாரியின் முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். மருமகளையும் மாமியாரையும் ஏற்றிவிட்டு, நானும் மகளும் கார் ஏற்றும் பின்தட்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டோம். லாரியில் நின்றபடி ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்கள் பெற்ற பிள்ளைதான் நான். ஆனாலும் நான் அப்படி நின்று போனது அன்றுதான் முதல் தடவை. ஹாரனை விடாமல் அடித்தபடி லாரி ஓட, எதிரே வந்த மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கின. மகளின் முடி என் முகமெல்லாம் அடித்தது. அவள் ஏதோ கத்தினாள், காற்றில் கேட்கவில்லை. அவள் இடுப்பை ஒரு கையால் பிடித்திருந்தேன். இதை எழுதும்போதும் அந்தக் கை இறுக்கிக்கொள்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு வந்தவர்கள் மருமகளை உள்ளே கொண்டு போனார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மாமியார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனார். அதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன் என்று காத்திருந்த லாரிக்காரர், மட்டைக் குவியலில் நிற்கும் காரை எடுக்கப் போக எழுந்து சாவியைத் தேடினார்.

நான் போனில் சொன்னதைக் கேட்டு, கடைசியாக என் கணவர் வந்தார். செண்டாயானில் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் சட்டையைக்கூட மாற்றவில்லை. என்னைப் பார்க்காமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயந்துட்டியா?"

"இல்லப்பா. கால்தான் இன்னும் பிரேக்கை அழுத்திக்கிட்டே இருக்கு."

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். உண்மையாகவே வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்து மெல்லத் தளர்த்தினார். பிறகு என் மடியிலிருந்த நான்கு பழங்களையும் எடுத்து லாரிக்காரரிடம் நீட்டினார்.

"கார் கோயிலுக்கு வேணாம், தம்பி. நேரா இரும்புக் கடைக்கே கொண்டு போயிடுங்க. இதை உங்க லாரி டயருக்கு வைங்க."