செவர்லெட்டின் முன்சீற்

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுக் கப்பலேறிய வருடம், அங்கே கிளாக்கராக இருந்த சந்தியாப்பிள்ளை, புறப்பட்ட துரை ஒருவரிடம் செவர்லெட் கார் ஒன்றை வாங்கினார். "கார் இல்லையடா, கப்பல்!" என்று ஊர் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்சீற் வாங்குப்பலகை மாதிரி ஒரே நீளம். கியர்க்கம்பி ஸ்டியரிங்கோடு ஒட்டியிருந்தது. கலியாணமாகி ஒரு மாதமேயான அவர் மனைவி மாகிரட், முதல் நாள் கதவோரம் ஒடுங்கி இருந்தாள். உப்புவெளி வளைவில் கார் திரும்ப, வழுக்கி வந்து அவர் தோளில் முட்டினாள். பிறகு அந்த இடத்தை விடவேயில்லை. இருபத்துநான்கு வருடம் ஞாயிறு பூசைக்கு அப்படித்தான் போனார்கள்.

சவூதியிலிருந்து வந்த மருமகன் சின்ன ஜப்பான் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். "பெற்றோல் விக்கிற விலைக்குப் பழசு சரிவராது மாமா. குடுத்திடுங்கோ."

சந்தியாப்பிள்ளை அரைமனதாக ஓம் என்றார். ஓடிப் பார்க்க இருவரும் ஏறினார்கள். சீற் இரண்டு, நடுவே கியரும் கைப்பிரேக்கும். உப்புவெளி வளைவு வந்தது. கார் திரும்பியது. மாகிரட் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்று கியரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "எங்களுக்கு நடுவில இவர் ஆர்?"

சந்தியாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். காரை வீட்டுக்குத் திருப்பினார்.